பழைய வண்டியின் ரேடியேட்டர்: ராடு அடிப்பதா, கோர் மாற்றுவதா, புதுசு வாங்குவதா?

மாசி முடிந்து பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கொங்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் கேட்கிற பேச்சு ஒன்றுதான். "வண்டி ஹீட் ஆகுதுங், என்ன பண்ணலாம்?" எஃப்.சி. புதுப்பித்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஓட்டுகிற அம்பாசிடர், சுமோ, குவாலிஸ், மாருதி 800, தோட்டத்துக்கு வைத்திருக்கும் மஹிந்திரா ஜீப் என்று எதை எடுத்துக்கொண்டாலும் மெக்கானிக் சொல்லும் வழி மூன்று. இருக்கிற ரேடியேட்டரைக் கழற்றி ராடு அடிக்கலாம், அதாவது உள்ளே கம்பி விட்டு அடைப்பெடுக்கலாம். மேல் கீழ் டேங்கை வைத்துக்கொண்டு, நடுவில் குழாயும் இதழுமாக இருக்கும் கோரை மட்டும் மாற்றலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புது அலுமினிய ரேடியேட்டர் மாட்டலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செம்பு-பித்தளை ரேடியேட்டரோடு வந்த வண்டி என்றால், கொங்கு நாட்டில் இருப்பவர் அதைத் தூக்கி எறிய அவசரப்படக் கூடாது. வேறு ஊர்க்காரருக்கு நான் இப்படிச் சொல்லமாட்டேன். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரியும் போர் போடும் ரிக்கும் தொழிலாக இருப்பதால், ரேடியேட்டரைப் பிரித்து ஈயம் பத்தவைத்துச் சரி செய்யத் தெரிந்த கைகள் இங்கே இன்னமும் இருக்கின்றன. கோயமுத்தூரிலும் ஈரோட்டிலும் அப்படித்தான். அந்தக் கை கிடைக்கிற ஊரில் கணக்கு வேறு.

ஆனால் ரேடியேட்டரில் கை வைக்கும் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். வண்டி எப்போது சூடாகிறது? அவிநாசி ரோட்டில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது சூடு காட்டும் முள் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் குற்றம் காற்றில் இருக்கிறது. ஃபேன் சுற்றவில்லை, பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது முன்பக்கம் அடைத்திருக்கிறது. நேர்மாறாக, டவுனுக்குள் ஒழுங்காக ஓடி, பைபாஸில் எண்பதில் போகும்போதோ திம்பம் ஏறும்போதோ சூடானால் குற்றம் தண்ணீரின் ஓட்டத்தில் இருக்கிறது. அப்போதுதான் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே, என்ஜின் சூடேறும் முன்னாலேயே ரேடியேட்டர் வாயில் குமிழி குமிழியாக வந்தால் மூன்று வழியும் வேண்டாம். என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைத்துப் பிடிக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அந்த நிலையில் புது ரேடியேட்டர் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை.

கேப்பையும் மறக்காதீர்கள். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அதன் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சடித்திருப்பது, எத்தனை பார் அழுத்தம் வரை அது தண்ணீரை அடக்கிப் பிடிக்கும் என்பதற்கான எண். 0.9 கேப் ஒழுங்காக வேலை செய்தால் சமவெளியில் வெறும் தண்ணீரே கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வெடித்த கேப்போடு ஊட்டிக்கு ஏறினால், 2,240 மீட்டர் உயரத்தில் அதே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அது என்ஜினின் சாதாரண ஓட்டச் சூடு அளவுதான். மேட்டுப்பாளையம் வரை ஒரு தொந்தரவும் தராத வண்டி குன்னூர் தாண்டியதும் ஆவி விடுவதற்கு, பல நேரம், சில நூறு ரூபாய் பெறாத இந்த மூடிதான் காரணம். அதற்காக 0.5 போட வேண்டிய பழைய வண்டிக்கு 1.1 கேப் போட்டுவிடாதீர்கள். ஈயப் பத்து விட்டுப் போகும்.

ராடு அடிப்பது

செம்பு-பித்தளை ரேடியேட்டருக்கு மட்டும் பொருந்துகிற வழி இது. ஈயத்தை உருக்கி மேல் டேங்கையும் கீழ் டேங்கையும் பிரித்தெடுத்து, உள்ளே இருக்கும் தட்டைக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் மெல்லிய தகட்டுக் கம்பியை விட்டு இழுத்து, படிந்திருக்கும் சுண்ணாம்பையும் துருவையும் வெளியே தள்ளுவார்கள். பிறகு டேங்கைத் திரும்பப் பத்தவைத்து, காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார்கள். வீட்டில் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசி மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது மாதிரிதான். பொருள் நல்லதாக இருக்கும்வரை அதற்குச் சாவில்லை.

செலவு மூன்றிலும் இதுதான் குறைவு. காலையில் கழற்றிக் கொடுத்தால் பொழுதோட வாங்கி மாட்டிவிடலாம். வெளியே ரேடியேட்டர் திடமாக இருந்து, உள்ளே மட்டும் அடைத்திருந்தால் இதைத் தாண்டி யோசிக்கவே வேண்டாம். அடைப்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, ஃபேன் நின்றபின், ரேடியேட்டரின் முகத்தில் அங்கங்கே கை வைத்துப் பாருங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். என்ஜின் ஆஃப் ஆனபிறகும் அது திடீரென்று சுற்றும். சூடான பரப்புக்கு நடுவே பட்டையாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அங்கே குழாய் அடைத்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. கம்பி இழுக்க இழுக்கக் குழாயின் சுவர் தேயும். முன்பே ராடு அடித்த ரேடியேட்டர் என்றால் அடுத்த முறை அடிக்கும்போது ஓட்டை விழ வாய்ப்பு அதிகம். ஓட்டை விழுந்த குழாயை இரண்டு முனையிலும் ஈயம் வைத்து அடைத்துவிடுவார்கள். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நாலைந்து அடைத்துவிட்டுக் "கச்சிதமா ஆயிருச்சுங்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். அத்தனை குழாய் போனால் அந்தப் பரப்பின் குளிர்ச்சியும் போனது என்றுதான் அர்த்தம்.

கோர் மாற்றுவது

குழாய்களைச் சுற்றியிருக்கும் செம்பு இதழ்கள், நாம் ஃபின் என்கிறோமே, அவை விரலால் தொட்டாலே பொடியாக உதிர்ந்தால் ராடு அடித்துப் பயனில்லை. குழாய் சுத்தமாக இருந்தாலும் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது ஃபின்தான். அது குழாயை விட்டுப் பிரிந்துவிட்டால் ரேடியேட்டர் வெறும் தண்ணீர்த் தொட்டி. அங்கே கோர் மாற்றுவதே சரி. பழைய பித்தளை டேங்கும் பக்கச் சட்டமும் அப்படியே இருப்பதால் வண்டியில் அச்சாக உட்காரும். ஹோஸ் வாய் மாறாது, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலான இடைவெளி மாறாது. உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இது பெரிய விஷயம். அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-ல் நின்றன. அம்பாசிடருக்குப் புது ரேடியேட்டர் என்று கடையில் கிடைப்பது எந்த வருட மாடலுக்கு, எந்த என்ஜினுக்கு என்று பொருந்திவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஏமாறுகிற இடமும் இதுதான். பழைய கோரில் குழாய் மூன்று வரிசை என்றால் புதியதும் மூன்று வரிசையாக இருக்க வேண்டும். ஃபின் எத்தனை நெருக்கமாக இருந்தது என்பதையும் ஓர் அங்குலத்துக்கு எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள். விலையைக் குறைத்துச் சொல்கிறவர் பெரும்பாலும் ஃபின்னில்தான் குறைப்பார். கண்ணுக்குப் புதுசாக மின்னும், வெயிலில் காட்டிக்கொடுக்கும். மூன்று வரிசைக்குப் பதில் நான்கு போட்டால் இன்னும் நல்லது என்று சிலர் சொல்வார்கள். அதை நான் நம்புவதில்லை. முதல் மூன்று வரிசையைத் தாண்டி வரும் காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும். நான்காவது வரிசை காற்றுக்குத் தடையாகவும் நிற்கும். ஃபேன் பலமில்லாத வண்டியில் அது வேலையைக் கெடுக்கவே செய்யும்.

புது அலுமினியம்

மாருதி, குவாலிஸ் மாதிரி வண்டிகளில் இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்கும்தான். சூட்டைக் கடத்துவதில் செம்பை அலுமினியம் எட்டாது, ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். ஆனால் அலுமினியத்தில் குழாயை அகலமாகச் செய்ய முடியும், ஃபின்னுக்கும் குழாய்க்கும் நடுவே ஈயப் படலம் கிடையாது. அதனால் முழு ரேடியேட்டராகப் பார்த்தால் இரண்டும் சமம், சிலவற்றில் அலுமினியமே மேல். எடையும் குறைவு. தரமான கம்பெனியில் வாங்கினால் பழைய செம்பை விட நன்றாகவே குளிர்விக்கும். இதை மறைத்துச் செம்புக்கு வக்காலத்து வாங்குவதில் பொருளில்லை.

சிக்கல் ஆயுளில் இருக்கிறது. பிளாஸ்டிக் டேங்க், கோரின் விளிம்போடு ரப்பர் வைத்து மடக்கிப் பிடித்தது. வருடக்கணக்கில் சூடு பட்டதும் மேல் ஹோஸ் மாட்டும் கழுத்துப் பகுதி நொறுங்கும். நொறுங்கினால் ரோட்டோரத்தில் பத்தவைக்க வழி கிடையாது. வால்பாறை ரோட்டில் நாற்பது கொண்டை ஊசி வளைவில் இருபதாவதில் அது விட்டால் வண்டியைக் கட்டி இழுக்கத்தான் வேண்டும். செம்பாக இருந்தால் ஆழியாறு இறங்கி ஒரு பத்தோடு போயிருக்கும்.

இன்னொன்று, பலர் சொல்லாதது. அலுமினிய ரேடியேட்டரை எக்காரணம் கொண்டும் ராடு அடிக்கிற கடையின் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்க விடாதீர்கள். செம்புக்கு ஒத்துக்கொள்ளும் அந்தத் தண்ணீர் அலுமினியத்தைக் கரைத்துத் தின்றுவிடும். பழைய வண்டியில் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலும் அலுமினியம் சீக்கிரம் பொத்தல் விழும். வழி கிடைக்காத கரண்ட், ரேடியேட்டருக்குள் ஓடும் கூலன்ட் வழியாகப் போகப் பார்க்கும். மல்டிமீட்டரின் ஒரு கம்பியை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைக் குளிர்ந்த ரேடியேட்டரின் வாயில் கூலன்டிலும் வைத்துப் பாருங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் முதலில் எர்த்தைச் சரி செய்துவிட்டு அப்புறம் ரேடியேட்டர் வாங்குங்கள்.

ஆக, செம்பு திடமாக இருந்தால் ராடு, ஃபின் உதிர்ந்திருந்தால் கோர். வந்ததே அலுமினியம் என்றால் மறுபடி அலுமினியமே. செம்பு வண்டிக்கு அலுமினியம் மாட்ட ஒரே ஒரு இடத்தில்தான் நான் சம்மதிப்பேன்: வண்டி கோவை, திருப்பூர் டவுனை விட்டு வெளியே போவதில்லை, பொருத்தமான அளவிலும் கிடைக்கிறது என்றால். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ரேடியேட்டர் வாங்கலாமே என்றால், காற்றடித்து முக்கிக் காட்டினால் பரிசீலிக்கலாம். காட்டமாட்டேன் என்றால் அடுத்த கடை.

என்ன ஊற்றுவது என்பதுதான் பெரிய கேள்வி

ராடு அடித்தாலும் கோர் மாற்றினாலும் அதற்குள் போகிற தண்ணீர் பழையதாகவே இருந்தால் எல்லாம் வீண். கொங்கு நாட்டின் தனிச் சிக்கல் இதுதான். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர் தெரியாமல் பைப் தண்ணீரையே ஊற்றினாலும் அவர் ரேடியேட்டர் பல வருடம் தாங்கும். அது அவ்வளவு மென்மையான தண்ணீர். அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்தில் ஆழத்து போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஆயிரத்தைத் தாண்டுவது அதிசயமில்லை. அதே தண்ணீர் பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் பூக்கிறதைப் பார்க்கிறோம். சூடான என்ஜினுக்குள் அது இன்னும் வேகமாகப் பூக்கும். நொய்யல் கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருப்பதால் அலுமினியத்தை அரிக்கும்.

ஆகவே இங்கே ஒப்பிட வேண்டியவை நான்கு: போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், டிஸ்டில்டு வாட்டர், கூலன்ட். போர் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும், வீடு சேர்ந்ததும் வடித்துவிட வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. ஆனால் தனியாக ஊற்றினால் துருவைத் தடுக்காது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டருக்கும் அதே குறைதான். துருவைத் தடுப்பது கூலன்டில் இருக்கும் மருந்து. வெறும் தண்ணீர் ஊற்றிய வார்ப்பிரும்பு பிளாக் உள்ளே செந்நிறக் கஞ்சியாக மாறுவதைப் பிரித்துப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

பாதிக்குப் பாதி கலக்க வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பது உறைபனியையும் மனதில் வைத்து. அந்தக் கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. நமக்கு அது எதற்கு? தை மாதத்து ஊட்டியில்கூட அந்தக் குளிர் கிடையாது. சூட்டைச் சுமந்து செல்வதில் கூலன்டில் இருக்கும் கிளைக்காலை விடத் தண்ணீரே வல்லது. அதனால் மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர் என்பது நம் வெயிலுக்கு என் தேர்வு. அதற்குக் கீழே போனால் துருத் தடுப்பு மருந்து போதாது. ரெடிமிக்ஸ் என்று எழுதியிருந்தால் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. கணக்குப் பார்த்தால் கான்சன்ட்ரேட் வாங்கிக் கலப்பதுதான் மலிவு. ரெடிமிக்ஸ் டப்பாவில் பெரும் பங்கு தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

பச்சையா சிவப்பா என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். ஈயம் பத்தவைத்த செம்பு ரேடியேட்டருக்குச் சிலிக்கேட் கலந்த பழைய வகைதான் ஒத்துவரும். அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலுமினிய ரேடியேட்டர் வண்டிக்கு நீண்டநாள் உழைக்கும் ஆர்கானிக் வகை பொருந்தும், சுமார் ஐந்து வருடம். இரண்டையும் கலந்தால் ஒன்றின் மருந்து இன்னொன்றைக் கெடுக்கும்.

"கூலன்ட் ஊத்துனதுக்கப்புறந்தானுங் லீக்கே ஆரம்பிச்சுது" என்று ஒரு குறை அடிக்கடி கேட்கும். உண்மைதான். ஆனால் ஓட்டையைப் போட்டது கூலன்ட் அல்ல. துருவும் சுண்ணாம்பும் அடைத்து வைத்திருந்த ஓட்டை, சுத்தம் செய்ததும் தெரிகிறது. ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டி லீக்கை அடைக்கும் வித்தையும் இந்த ரகம்தான். ராத்திரி நேரம் தாளவாடியில் மாட்டிக்கொண்டால் நானும் போடுவேன். மறுநாள் முழுதும் வடித்துக் கழுவாவிட்டால் அது மெல்லிய குழாய்களில், முக்கியமாக ஹீட்டருக்குள், போய் உட்கார்ந்துகொள்ளும். வடித்த கூலன்டைத் தோட்டத்து வாய்க்காலில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கிக் குடிக்கும், குடித்தால் பிழைக்காது.

தெர்மோஸ்டாட்டும் ஃபேனும்

"ஏனுங்ணா, தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசிப்போட்டனுங், இனி ஹீட்டே ஆவாதுங்." இந்தப் பேச்சைக் கேட்காத பழைய வண்டிக்காரர் எங்கள் பக்கம் இருக்கமாட்டார். தெர்மோஸ்டாட் என்பது என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு. ஒப்பிட்டுப் பார்ப்போம். கழற்றிவிட்டால் என்ஜின் சூடேற அதிக நேரம் பிடிக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஆயில் கெட்டுப்போகும், ஹீட்டர் வேலை செய்யாது. இதை விட மோசமாக, சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியையும் மூடும். அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். மலை ஏறும்போது சூடு கூடும். பழையதைச் சோதிப்பது சுலபம். சட்டியில் தண்ணீர் காயவைத்து நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அதன் மேல் குத்தியிருக்கும் எண், 82 என்றால் ஏறக்குறைய அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதுசு போடுங்கள். கழற்றி ஓட்டுவது தீர்வே அல்ல.

ஜீப்புக்கும் அம்பாசிடருக்கும் எலெக்ட்ரிக் ஃபேன் மாற்றலாமா என்றால் வேண்டாம் என்பேன். பழைய ஆல்டர்னேட்டருக்கு அது சுமை. அந்தக் காசில் ஃபேனைச் சுற்றியிருக்கும் கவசத் தகட்டைத் தேடி மாட்டுங்கள். அது இல்லாத வண்டியில் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் சுற்றுமுற்றும் உள்ளதையே கலக்கிக்கொண்டிருக்கும். திருப்பூரில் பஞ்சும் பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தூளும் முன்பக்கம் அடைப்பதைக் கழுவுவதும் இதற்குள் அடக்கம். என்ஜின் பக்கமிருந்து வெளியே பார்த்து, மெல்லிய தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கிவிடும்.

ஹீட்டர்: பைபாஸா, பழுது பார்ப்பதா?

ஹீட்டர் கோர் ஒழுகினால் உள்ளே இனிப்பான வாடை வரும், கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போலப் படியும், கால்மிதி ஈரமாகும். உடனே மெக்கானிக் இரண்டு ஹோஸையும் ஒரு குழாய்த் துண்டால் இணைத்து ஹீட்டரைத் துண்டித்துவிடுவார். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஓடுகிற வண்டிக்கு அதுவே போதும். அங்கே ஹீட்டர் போட்டு யார் உட்காரப்போகிறார்கள்? ஆனால் இரண்டு ஹோஸையும் தனித்தனியாக அடைக்கச் சொல்லாதீர்கள், இணைக்கத்தான் சொல்ல வேண்டும். சில என்ஜின்களில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றுகிற வழியே அதுதான்.

கோத்தகிரிக்கோ வால்பாறைக்கோ அடிக்கடி ஏறுகிறவர் பழுது பார்த்துவிடுங்கள். ஏசி இல்லாத வண்டியில் மழை நாளில் கண்ணாடியில் படியும் ஆவியை நீக்க ஹீட்டரை விட்டால் வேறு வழியில்லை. மலை ஏறும்போது முள் சிவப்பைத் தொடப் போனால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுதும் திறந்து, ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். ஹீட்டர் கோரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். கியர் குறைந்தால் வாட்டர் பம்பும் பெல்ட் ஃபேனும் வேகமாகச் சுற்றும். ஏசி ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள்.

அடைப்பு மட்டும்தான், ஒழுகவில்லை என்றால் புதுசு வாங்கும் முன்னால் ஹோஸைக் கழற்றி சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரை எதிர்த்திசையில் விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் நிறம் தெளியும்வரை கழுவ வேண்டும். ஒழுகுகிறது என்றால் டேஷ்போர்டை இறக்க வேண்டிய வேலை, பொருளை விடக் கூலி அதிகம். அதனால் டேஷ்போர்டை ஒருமுறை இறக்கும்போதே ஹீட்டர் வால்வையும் அங்கிருக்கிற ஹோஸையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மழைக்காலம் தொடங்குகிற ஆனி மாதத்துக்கு முன்னால் கொடுத்தால் ஒர்க்‌ஷாப்பில் இடமும் கிடைக்கும்.